அம்சவள்ளியின் வலது கை

யாருடைய சைக்கிள் என்று அம்சவள்ளி கேட்பதில்லை. பாகூர் பேருந்து நிறுத்தம், பால் சொசைட்டி வாசல், டியூஷன் வீட்டு மதிலோரம், எங்கே ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றாலும் அவள் கால்கள் தாமாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகின்றன. ஹேண்டில்பாரின் வலது பக்கம் இருக்கும் முன் பிரேக்கை ஒரு முறை அழுத்துகிறாள். இறுகப் பிடித்தால் பேசாமல் நகர்ந்துவிடுகிறாள். தொளதொளவென்று உள்ளே போனால் கைப்பையிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டி, முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்திவிடுகிறாள்.

"யம்மா, யம்மா! இன்னா நட்ட கயட்டினு கீற?" என்று டீக்கடைக்குள்ளிருந்து சைக்கிள்காரர் கிளாஸும் கையுமாக ஓடிவருவார்.

"கயட்டல. முடுக்குறேன். உன் முன் பிரேக்கு செத்துக் கெடக்குது."

"கெடந்துட்டுப் போவுது. அத்த நான் புடிக்கிறதே இல்ல. நமக்கு எப்பவும் பின் பிரேக்குதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"இன்னாமா நீ, சைக்கிள் கட வெச்சிருக்கியா?"

"இல்ல. கம்பெனிக்குப் போறேன். வண்டி வர நேரம் கீது. நீ போய் டீய குடி, ஆறிடப் போவுது."

வேலை முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள். பஜாரில் அவளுக்கு 'பிரேக்கு கேஸு' என்று பெயர். அவள் காதில் விழும்படியே சொல்கிறார்கள். அவளும் கேட்டுக்கொண்டுதான் போகிறாள்.

கன்னியக்கோயில் பக்கம் மாத்திரை அட்டை போடும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்கு முகமூடி. கண்கள் மட்டும் வெளியே தெரிய, ஓடும் பெல்ட்டின் முன்னால் ஷிப்டு முழுக்க நிற்கிறாள். மாத்திரை விழாமல் காலியாக வரும் அறை உள்ள அட்டையைப் பொறுக்கி எறிய வேண்டும். அவள் கண்ணுக்கு ஓர் அட்டைகூடத் தப்பாது என்று சூப்பர்வைசர் சொல்கிறார். வேலை முடிந்து சேலியமேட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அவள் வலது கை ஓய்வதில்லை. டிவி பார்க்கும்போது கட்டில் சட்டத்தை, பஸ்ஸில் போகும்போது முன் சீட்டுக் கம்பியை, குழம்பு கொதிக்கும்போது கரண்டிக் காம்பை, நான்கு விரல்களும் அழுத்துகின்றன, விடுகின்றன, மறுபடி அழுத்துகின்றன.

"ம்மா, கைய சும்மா வையேன். பாக்கவே ஒரு மாதிரி கீது" என்று கல்லூரியில் படிக்கும் மகள் சுவேதா சொல்வாள். கை ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு தொடங்கிவிடும்.

அந்த வலது கையின் கதைதான் இது.

அவள் கணவன் தங்கவேல் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற பிழைப்பு. சர்க்கரை ஏறியது. நடக்கச் சொன்ன டாக்டரிடம், "நடந்தா முட்டி வலிக்குது, சைக்கிள் உடலாமா?" என்று கேட்டுவிட்டு வந்தான். அரியாங்குப்பத்தில் ஒருவரிடமிருந்து பழைய கியர் சைக்கிள் ஒன்றைப் பிடித்தான். கறுப்பு நிறம், மெல்லிய டயர். அங்கேதான் மணிபாரதியின் பழக்கம் கிடைத்தது. மணிபாரதி உடற்பயிற்சி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பாகூர் ஏரிக்கரை, வில்லியனூர், மதகடிப்பட்டு என்று சைக்கிளில் சுற்றுகிறவர். தங்கவேல் அந்தக் கூட்டத்தில் ஒருவனானான். சிவப்பு பனியன், விரல் நுனி தெரியும் கையுறை, குளிர்க்கண்ணாடி. அம்சவள்ளி கிண்டல் செய்வாளாம்: "சக்கரைய கொறைக்கப் போறேன்னு போய், மதகடிப்பட்டுல வட துன்னுட்டு வர்ற ஆளு."

சிரிப்பும் கேலியுமாக இருந்த வீடுதான். யார் கண் பட்டதோ!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. தங்கவேல் பதறிப்போய் முன் பிரேக்கை முழுதாக அழுத்திவிட்டான். சைக்கிள் பின்பக்கம் எழும்பி அவனைத் தலைகுப்புறத் தூக்கி எறிந்தது. முன்பல் இரண்டு போயிற்று. வாயெல்லாம் ரத்தமாக வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அந்த முன் பிரேக்க கயட்டிப் போடு. கயட்டுனாதான் சைக்கிள் வூட்டுக்குள்ள இருக்கும். இல்லன்னா கேணியிலதான் கெடக்கும்."

"யாருனா பிரேக்க கயட்டுவாங்களாடி? மெதுவா புடிக்கக் கத்துக்கணும், அவ்ளோதான்."

"நீ கத்துக்க வேணாம். எனக்கு நீ முழுசா வேணும்."

அவன் பிறகு உள்ளே போய் கட்டிங் பிளேயரை எடுத்துவந்து, அவள் கண் முன்னாலேயே முன் பிரேக் கம்பியை 'டக்' என்று வெட்டினான். "போதுமாடி?" என்று பொக்கை வாயோடு சிரித்தான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியாது. இங்கே மேடு என்றால் ஏரிக்கரை, அதை விட்டால் ரயில்வே மேம்பாலம். நெல்லும் கரும்பும் கண்ணுக்கெட்டியவரை ஒரே மட்டமாகக் கிடக்கிற பூமி. பின் பிரேக்கை லேசாகத் தொட்டால் வண்டி நின்றுவிடும். முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்க்கிறார்கள். பல வீட்டுச் சைக்கிள்களில் அது அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது. கல்வராயன் மலைக்குப் போவது என்று மணிபாரதியின் கூட்டம் முடிவு செய்தபோது, மலையேறப் பழகுவதற்கு இவர்களுக்கு வில்லியனூர் சாலை மேம்பாலத்தைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. விடியற்காலையில் அதன் மேல் ஏறுவதும் இறங்குவதும், மறுபடி ஏறுவதும் இறங்குவதும்தான் பயிற்சி. பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கே வேண்டாம். தானாக ஓடிப்போய் சமதரையில் வேகம் குறைந்து நின்றுவிடும். ஆகவே எல்லோரும் ஏறக் கற்றுக்கொண்டார்கள். இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் அந்த மலையின் உச்சியிலிருந்து தங்கவேல் அவளுக்கு போன் செய்தான். குரலில் அப்படி ஒரு பெருமிதம்.

"மேல வந்துட்டேன்டி! ஒரு எடத்துல கூட எறங்கித் தள்ளல. இனிமே எறங்குறதுதான். அது தானா எறங்கும்."

அதுதான் அவன் அவளிடம் பேசிய கடைசி வார்த்தை.

வளைவுக்கு வளைவு பின் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு வெளியே வந்துவிட்டது. தண்ணீர் ஓடும் சின்னப் பாலம் ஒன்று, அதை ஒட்டி சட்டென்று மடங்கும் ஒரு திருப்பம். சைக்கிள் திரும்பவில்லை. நிற்கவும் இல்லை. முழங்கால் உயரச் சுவரில் மோதியது. மிச்சத்தை நான் எழுத விரும்பவில்லை. சைக்கிளை வீட்டுக்கு எடுத்துவந்தபோது முன் சக்கரம் நெளிந்திருந்தது. வெட்டப்பட்ட கம்பி மட்டும் அவன் வெட்டியபடியே, சின்ன நரம்பு மாதிரி, நீட்டிக்கொண்டிருந்தது.

அம்சவள்ளி எதையும் மறைக்கவில்லை. போலீஸ்காரரிடம் சொன்னாள். மாமியாரின் காலில் விழுந்து சொன்னாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "நான்தான் கயட்டச் சொன்னேன். நான்தான்." ஒருவராவது அவளைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். ஆனால் எல்லோரும் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். விதி என்றார்கள். மணிபாரதி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அக்கா, அந்தச் சரிவுல முன் பிரேக்கு இருந்திருந்தாலும் நின்னிருக்காதுக்கா. எந்த பிரேக்கும் அங்க நிக்காது" என்றார்.

நிற்குமா, நிற்காதா? அந்த ஒரு கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. நிற்காது என்றால் அவனைக் கொன்றது மலை. நிற்கும் என்றால்? சாப்பாட்டுத் தட்டின் முன்னால், ஓடும் பெல்ட்டின் முன்னால், பஸ் ஜன்னலில், அவளோடு கூடவே அந்தக் கேள்வியும் உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் நெளிந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாகூர் மெக்கானிக்கிடம் போனாள். சக்கரத்தை நிமிர்த்தி, இரண்டு பிரேக்குக்கும் புதுக் கம்பியும் புதுக் கட்டையும் போட்டு வாங்கினாள். அடுத்த ஞாயிறு விடியலில் மேம்பாலத்தின் அடியில் தங்கவேலின் சிவப்பு பனியனோடு வந்து நின்றாள். மணிபாரதியின் கூட்டம் சைக்கிள்களை விட்டு இறங்கியது.

"இந்த வருசமும் மலைக்குப் போறீங்க இல்ல? நானும் வர்றேன். பிரேக்கு புடிக்கக் கத்துக்குடு, மணி."

அவர் கற்றுக்கொடுத்தார். ஒரேயடியாக அழுத்தாதே, கொஞ்சம் கொஞ்சமாக, அழுத்தி விடு, அழுத்தி விடு. அன்று தொடங்கியதுதான் அவள் வலது கையின் இந்தப் பழக்கம்.

புறப்பட்ட அன்று, பக்கத்து வீட்டுக்காரி என்று, கூட்டத்தின் சாமான் வேனில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. சுவேதா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "அப்பாவ முழுங்குன மல, உன்னையும் முழுங்கணுமா? நான் இன்னா பண்ணட்டும் தனியா?" அம்சவள்ளி மகளின் கன்னத்தைத் தொட்டாள். "நின்னுட்டு போன் பண்றேன்டி" என்றாள்.

கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கி, காலை வெயில் ஏறும் முன்பே கிளம்பினார்கள். ஊருக்கு வெளியே இருந்த அணையைத் தாண்டியதும் சாலை வானத்தைப் பார்த்துத் திரும்பியது. மேம்பாலத்தில் பழகிய கால்கள் முதல் வளைவிலேயே திணறின. மதகடிப்பட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாக்யராஜ், பெரிய தொந்திக்காரர், இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ளத் தொடங்கிவிட்டார்.

"ஏம்பா, இந்த மேம்பாலம் எங்கதான்பா முடியுது?" என்று மூச்சு வாங்கினார். "காண்டிராக்டரு கணக்குத் தெரியாம கட்டிட்டான் போலக்கீது."

"அண்ணாத்த, தொந்திய வேன்ல போட்டுட்டு ஏறு" என்று யாரோ கத்தினார்கள். மேலேயிருந்து இறங்கிய பஸ் ஒன்று திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயிற்று. குரங்குகள் சுவரில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அம்சவள்ளி சிரிக்கவில்லை. தங்கவேலின் கையுறைகள் அவள் கைக்குப் பெரிது. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தாள். ஆஸ்பத்திரியில் திருப்பித் தந்தவை அவை. வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, குனிந்த தலை நிமிராமல், சக்கரம் நிற்கிறதா சுற்றுகிறதா என்று சந்தேகம் வருகிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னப் பாலம் வந்தது. சுவரில் ஓரிடத்தில் மட்டும் சிமெண்டு புதிதாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமலே கடந்தாள்.

வேனை ஓட்டியவர் மணிபாரதி. போன வருஷத்துக்குப் பிறகு அவர் மலையில் சைக்கிள் மிதிப்பதில்லை. அவள் பின்னாலேயே நத்தை மாதிரி வேனை நகர்த்திக்கொண்டிருந்தவரிடம் நான் மெல்லக் கேட்டேன்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. முன் பிரேக் இருந்திருந்தா நின்னிருக்காதா?"

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு வளைவைத் திருப்பி முடித்தார்.

"நின்னிருக்கும்மா" என்றார் கடைசியில். "வண்டிய நிறுத்துறதே முன் பிரேக்குதான். பின்னது சும்மா தொணைக்கு. அன்னிக்கு அவங்க மொகத்தப் பாத்துட்டு எனக்குப் பொய்தான் வந்துச்சு. கெளம்புறதுக்கு முன்ன ஒவ்வொரு சைக்கிளையும் நான் புடிச்சிப் பாத்திருக்கணும். பாக்கல. நானும் நம்ம ஊர்க்காரன்தானே?" கண்ணாடி வழியே அந்தச் சிவப்பு பனியனைப் பார்த்தார். "அவங்க அத்த தெரிஞ்சிக்கக் கூடாதும்மா. எப்படியாவது வேன்ல ஏத்திடணும்."

வெள்ளிமலை டீக்கடையில் எல்லோரும் சாய்ந்து கிடந்தார்கள். அம்சவள்ளி உட்காரவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, வலது பிரேக்கை அழுத்தி, அது சட்டென்று நிற்பதைப் பார்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"அக்கா, ஏறுனதே போதும்க்கா" என்றார் மணிபாரதி. "யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. வேன்ல எறங்கிடலாம். சுவேதாவ நெனச்சிப் பாரு."

"அவள நெனச்சிதான் வந்தேன். நாளைக்கு அவ கேப்பா, அப்பா எப்படி செத்தாருன்னு. நான் இன்னா சொல்லணும்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சி இன்னாக்கா பண்ணப் போற?"

"தெரியாம இருக்க முடியல மணி." முன் சக்கரத்தைத் தரையில் இறக்கினாள். "ரெண்டையும் புடிச்சினுதான் எறங்குவேன். பயப்படாத. அந்தப் பாலத்துக்கு முன்னாடி மட்டும் எடது கைய எடுத்துடுவேன். வெறும் முன் பிரேக்கு. நீயே பாரு. நீதானே நிக்காதுன்ன?"

மணிபாரதி என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அந்த நேரத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இறங்காமல் இருந்திருப்பாளோ? சொல்ல அவருக்கும் நாக்கு எழவில்லை. எனக்கும்தான் எழவில்லை.

அவள் இறங்கினாள்.

வேன் பின்னால் போயிற்று. காற்றில் சிவப்பு பனியன் முதுகில் உப்பிக்கொண்டது. ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும் அழுத்தி விட்டாள், அழுத்தி விட்டாள். கட்டை ரிம்மைத் தேய்க்கும் சத்தம் வேனுக்குள் கேட்டது. ரப்பர் கருகும் வாடை வந்தது. "தெய்வமே, தெய்வமே" என்று மணிபாரதி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவள் உயிரோடு நிற்க வேண்டும் என்று வேண்டினாரா, பிரேக் பிடிக்கக் கூடாது என்று வேண்டினாரா? இரண்டையும் ஒரே மூச்சில் எப்படி வேண்டுவது?

பாலம் தெரிந்தது. புதுச் சிமெண்டு வெயிலில் வெளுத்து நின்றது. சரிவு அங்கேதான் சட்டென்று தலைகீழாக விழுகிறது. சைக்கிள் வேகம் பிடித்தது. அம்சவள்ளி இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தாள். எடுத்து, பின்னால் வரும் எங்களுக்குத் தெரியும்படி, விரல்களை விரித்து உயர்த்திக் காட்டினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள்ளும் அந்தக் கை விரிந்தே நின்றது.

மோதும் சத்தம் வரவில்லை.

திறந்து பார்த்தேன். சைக்கிள் நின்றிருந்தது. தள்ளாடவில்லை, தூக்கி அடிக்கவில்லை. சாதுவான மாடு மாதிரி, சொன்ன இடத்தில் நின்றிருந்தது. முன் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் மிச்சமிருந்தது.

முன்னாலேயே இறங்கி, பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்திருந்த பாக்யராஜ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "நின்னுச்சுக்கா! சூப்பர்க்கா! கலக்கிட்ட!" அவரோடு இருந்தவர்களும் கைதட்டினார்கள். மலையில் அந்தக் கைதட்டல் எதிரொலித்துத் திரும்பி வந்தது.

மணிபாரதி வேனிலிருந்து இறங்கினார். ஆனால் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அம்சவள்ளி திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. கண்ணீரும் இல்லை. மாத்திரை அட்டையில் காலி அறையைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை அது.

"நிக்காதுன்னியே, மணி" என்றாள்.

அவள் இடுப்புப் பையில் போன் அடித்தது. சுவேதாவாகத்தான் இருக்கும். கைதட்டல் ஓய்ந்துவிட்டது. போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அம்சவள்ளி வலது கையுறையின் ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். கையுறையை உருவி, மடித்து, பனியனுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, இன்னும் கொதித்துக்கொண்டிருந்த முன் சக்கரத்து ரிம்மின் மேல் வெறும் உள்ளங்கையை அழுந்த வைத்தாள். "அக்கா, சுடும்க்கா! கைய எடு!" என்று பாக்யராஜ் அலறினார்.

அவள் எடுக்கவில்லை.